உண்ணிக்கடியும் வேலைக்காயமே

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் தரையைச் சருகு மூடிக்கொள்கிறது. கசகசா அளவேயான இளம் உண்ணிகள் அந்தச் சருகுக்குள் இரத்தம் தேடிக் காத்திருப்பதும் அதே மாதங்களில்தான். விறகுக்கும் தேனுக்கும் மாடு மேய்க்கவும் காட்டுக்குள் போகிறவர்கள் உண்ணிக்கடியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் உண்ணி கொண்டுவரும் குரங்குக் காய்ச்சல் கர்நாடகத்தின் சில வட்டங்களைத் தாண்டி, தெற்கே வயநாடு, நீலகிரி வரையிலும் வடக்கே கோவா, சிந்துதுர்க் வரையிலும் தலைகாட்டிவிட்டது. காட்டுவழி நடைப்பயணமும் இதே காலத்தில் பெருகியிருக்கிறது. உண்ணியிடமிருந்து எப்படிக் காத்துக்கொள்வது என்ற அறிவுரைகளுக்கு இன்று பஞ்சமில்லை. அவை ஏறக்குறைய எல்லாமே கடிபடும் ஆளை நோக்கியே பேசுகின்றன. அந்த ஆளைச் சருகுக்குள் அனுப்புகிறவரை நோக்கி யாரும் பேசுவதில்லை. உண்ணிக்கடியைத் தனிமனிதக் கவனக்குறைவாகப் பார்ப்பதை விட்டு, வேலையில் நேரும் காயமாகக் கருதி, அனுப்புகிறவர் மீது பொறுப்பை வைத்தால்தான் இந்தச் சிக்கல் குறையும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குரங்குக் காய்ச்சல் முதலில் கண்டறியப்பட்டது 1957-இல். அன்றைய மைசூர் மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டம், சொரபா வட்டத்திலுள்ள கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. சுற்றுவட்ட ஊர்களில் மக்கள் கடுங்காய்ச்சலில் படுத்தார்கள். குரங்கும் மனிதரும் ஒரே நேரத்தில் நோயுற்றதைக் கண்டவர்கள் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று அஞ்சினர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு புனேயில் இயங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் டெல்ஃபர்ட் வொர்க், ஹெரால்ட் டிராபிடோ ஆகியோரின் ஆய்வு வேறொன்றைச் சொன்னது: இது உண்ணிவழிப் பரவும் புதிய வைரஸ், ரஷ்யாவில் அறியப்பட்டிருந்த வசந்தகால மூளைக்காய்ச்சல் வைரஸின் நெருங்கிய உறவு. வலசைப் பறவைகள் சைபீரியாவிலிருந்து உண்ணிகளைச் சுமந்து வந்தனவா என்று அறிய, பறவையியலாளர் சாலிம் அலி உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்தார். அந்த ஐயம் உறுதிப்படவில்லை. வைரஸ் இந்தக் காடுகளிலேயே நெடுங்காலமாக எலிகளுக்கும் உண்ணிகளுக்கும் இடையே சுழன்றுகொண்டிருந்தது என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. கடிபட்ட மூன்று முதல் எட்டு நாளில் திடீரெனக் காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி, தசைவலி, வாந்தி, சிலருக்கு இரத்தக்கசிவு. காய்ச்சல் விட்டுப் போய், ஓரிரு வாரம் கழித்து நடுக்கத்தோடும் மனக்குழப்பத்தோடும் திரும்பி வருவதும் உண்டு. நோயுற்ற நூறு பேரில் மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். வைரஸைக் கொல்லும் தனி மருந்து இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் ஓர் உண்ணி, அல்லது நோயுற்ற ஒரு விலங்கின் உடல் இருக்கிறது. அந்த மனிதர் ஏன் அங்கே போனார் என்ற கேள்வியும் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு உண்ணியின் வாழ்க்கை பாதி விடை தருகிறது. குரங்குக் காய்ச்சலை முதன்மையாகப் பரப்பும் ஹீமாஃபைசாலிஸ் ஸ்பைனிஜெரா என்ற உண்ணி முட்டையிலிருந்து ஆறுகாலுடன் பொரிந்து, எட்டுகால் இளம்பருவமாகி, பின் முதிர்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரேயொரு முறை, வேறுவேறு விலங்கிடம் வயிறுமுட்ட இரத்தம் குடிக்கும். முதிர்ந்த உண்ணிகள் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மாடு, மான் போன்ற பெரிய விலங்குகளைப் பற்றுகின்றன. வயிறு நிறைந்த பெண் உண்ணி தரையில் விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். மழைக்குப் பின் பொரியும் குஞ்சுகள் எலிகளையும் தரையில் மேயும் பறவைகளையும் குரங்குகளையும் நாடும். அவை உருமாறி இளம்பருவம் அடைவது நவம்பர் தொடங்கி மே வரை. மனிதரை அதிகம் கடிப்பது இந்த இளம்பருவமே. டிசம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் உச்சம் தொட்டு, மழை விழுந்ததும் நோய் அடங்குவதன் காரணம் இது. உண்ணி பறக்காது, தாவாது, மரத்திலிருந்து குதிக்கவும் செய்யாது. புல்நுனியிலோ சருகு விளிம்பிலோ பின்கால்களால் பிடித்து நின்று முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும். மூச்சுக்காற்றின் கரியமிலவாயுவையும் உடற்சூட்டையும் உணரும் உறுப்பு அதன் முன்காலில் இருக்கிறது. உரசிக்கொண்டு போகிறவரை மட்டுமே அதனால் பிடிக்க முடியும். ஆபத்து காடு முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை; சருகில் உட்காரும், குனியும், வாரும், படுக்கும் உடல்களைச் சுற்றியே அது குவிகிறது.

உண்ணி உண்மையிலேயே பெருகிவிட்டதா, நாம் இப்போதுதான் சோதிக்கத் தொடங்கினோமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2012 டிசம்பரில் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் இறந்தன. அவற்றை அகற்றி எரிக்கும் பணியில் இருந்தவர்களுக்கு நோய் கண்டது. அதே பருவத்தில் நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் வைரஸ் உறுதியானது. 2015-இல் வயநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்று 11 பேர் இறந்தனர். அதே ஆண்டு கோவாவின் சத்தரி வட்டத்திலும், அடுத்த ஆண்டு மகாராஷ்டிரத்தின் தோடாமார்க் வட்டத்திலும் நோய் வெடித்தது. இவற்றுள் ஒரு பங்கு, புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்தின் சோதனை வசதி மேம்பட்டதால் வெளிச்சத்துக்கு வந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சோதனையால் மட்டும் விளக்க முடியாத ஒரு பங்கும் இருக்கிறது. 1982-இன் இறுதியில் தட்சிண கன்னட மாவட்டத்தின் பெள்தங்கடி வட்டத்தில் முந்திரித் தோட்டம் போடப் பழங்காடு வெட்டப்பட்டது. அதைத் தொடர்ந்த பரவலில் 1,555 பேர் நோயுற்றனர். 150 பேர் இறந்தனர். காட்டு விளிம்பில் வெட்டவெளி உண்டாகி, அங்கே புதர் மண்டி, மாடுகள் மேயத் தொடங்கினால் உண்ணி பெருகுகிறது என்று இந்த நோயை ஆராய்ந்த ஹோர்ஹே பொஷெல் 1969-லேயே எழுதினார். 2014 முதல் 2018 வரையிலான பரவல்களை வரைபடத்தில் வைத்து ஆராய்ந்த பிந்தைய ஆய்வும் ஈரப் பசுமைக்காடும் தோட்டமும் கலந்து கிடக்கும், நாட்டுமாடுகள் மிகுந்த பகுதிகளையே ஆபத்தானவையாகக் காட்டியது. பாக்குத் தோப்பும் முந்திரிக்காடும் மேய்ச்சலும் காட்டோடு கைகோக்கும் நிலம் அது. வேறு வகை உண்ணிகள் ஸ்வீடனில் வடக்கு நோக்கியும் செக் நாட்டு மலைகளில் மேல்நோக்கியும் நகர்ந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெருக்கத்தை வெறும் கணக்குப்பிழை என்று தள்ளிவிட முடியாது. ஒருவேளை எண்ணிக்கை கூடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் என் வாதம் அதனால் தளராது. இத்தனை காலம் எண்ணப்படாமல் செத்தவர்கள் இருந்தார்கள் என்பது, பாதுகாப்பு தேவை என்பதற்குக் கூடுதல் சான்றாகத்தான் ஆகும்.

கடிபடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் தெளிவு கூடும். கோவாவிலும் சிந்துதுர்க்கிலும் முந்திரி பொறுக்குவோர். சிவமொக்காவில் பாக்குத் தோப்புக்கும் தொழுவத்துக்கும் காட்டுச்சருகு வாரிக்கொண்டு வருகிற விவசாயக் குடும்பங்கள். வீட்டின் வெளியே சருகு குவித்து வைத்திருந்தவர்களே அதிகம் நோயுற்றதாக 2011–12 பரவலை ஆராய்ந்தவர்கள் கண்டனர். வயநாட்டில் காட்டையொட்டி வாழும் பழங்குடியினர். பந்திப்பூரில் குரங்கின் சடலத்தை எரித்தவர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால், பக்கத்து மாவட்டங்களில் கண்ட அளவு மனிதப் பரவல் நீலகிரியில் நேரவில்லை என்றாலும், அதே காடு, அதே உண்ணி, அதே வேலைகள். முதுமலையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் அதிலுள்ள சருகைக் கூட்டி எரிப்பதும் கோடைக்கு முந்திய மாதங்களில். சீமாறுப்புல் அறுப்பதும் அப்போது. மசினகுடியைச் சுற்றிப் பட்டிமாடுகள் காட்டோரம் மேய்வது ஆண்டு முழுதும். பொழுதுபோக்கின் நாட்காட்டி வேறு. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம், காட்டுத்தீ அபாயம் கருதி 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை நிறுத்தப்பட்டது. இளம் உண்ணி மிகுந்திருக்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. தீயை நினைத்து எடுத்த முடிவு, நடைப்பயணிகளை உண்ணியிடமிருந்தும் காத்துவிட்டது. அதே வாரங்களில் தீத்தடுப்பு வேலைக்காக அதிக ஆட்கள் காட்டுக்குள் அனுப்பப்படுகிறார்கள். ஒரே காட்டில் பயணி வெளியேறும்போது தொழிலாளி உள்ளே போகிறார். இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுக்காத எந்த உண்ணித் தடுப்புத் திட்டமும் பாதித் திட்டமே.

‘காட்டுக்குள் போகாதீர்கள்’ என்பது பரவல் காலத்தில் அதிகாரிகள் சொல்லும் முதல் வாசகம். போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில் அதற்குப் பொருளில்லை. ‘வீடு திரும்பியதும் உடலைச் சோதித்து உண்ணியை அகற்றுங்கள்’ என்பது அடுத்தது. இது நல்ல பழக்கம்தான். நுனி கூரான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் விரலால் நசுக்குவதும் கூடாது. ஆனால் இந்த அறிவுரைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு அமெரிக்காவின் லைம் நோய்க்குரியது. அந்த நோயின் பாக்டீரியா உண்ணியின் குடலிலிருந்து மனிதருக்கு வந்துசேர பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். மாலையில் பிடுங்கினால் தப்பலாம். குரங்குக் காய்ச்சல் வைரஸ் சேர்ந்த குடும்பத்தின் கதை வேறு. அக்குடும்பத்தின் பொவாசான் வைரஸ் உண்ணி கடித்த பதினைந்து நிமிடத்திலேயே எலிகளுக்குத் தொற்றியதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். மாலைவரை வேலை செய்துவிட்டு வீட்டில் சோதிப்பவருக்கு அந்தச் சோதனை மிகவும் பிந்தியதாக இருக்கலாம். அயல்நாட்டு அறிவுரையை நோய் மாறியும் அப்படியே ஒப்பிப்பது நம்மிடம் பரவலாகக் காணப்படும் குறை. இங்கே உண்ணி தோலைத் தொடாமல் தடுப்பதே முக்கியம். தொட்டபின் அகற்றுவது இரண்டாம் அரண் மட்டுமே.

அப்படியானால் உண்ணியையே ஒழித்துவிடலாமே என்று ஒரு தரப்பு சொல்லும். குரங்கு செத்துக் கிடந்த இடத்தைச் சுற்றி ஐம்பது மீட்டருக்கு மாலத்தியான் தூவுவது இன்றும் நடைமுறை. செத்த குரங்கிலிருந்து இறங்கும் உண்ணிகள் அங்கே குவிவதால் அந்தச் சிறு வட்டத்துக்கு இது பொருந்தும். காடு முழுவதற்கும் இதை விரிப்பது நடக்காத காரியம். நடந்தாலும் சருகுக்குள் வாழும் மற்ற உயிர்களை அழிக்கும். நிலத்தில் மருந்தடித்தால் மனிதருக்கு நோய் குறையுமா என்பதே ஐயத்துக்குரியது. அமெரிக்காவின் கனெக்டிகட், மேரிலாந்து, நியூயார்க் மாநிலங்களில் சுமார் 2,700 வீடுகளில் நடந்த ஆய்வில், தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்ததால் உண்ணிகள் 63 விழுக்காடு குறைந்தன. வீட்டாருக்கு நேர்ந்த கடியோ நோயோ குறையவில்லை. நியூயார்க் மாநிலத்தின் டச்சஸ் மாவட்டத்தில் குடியிருப்புகள் முழுவதிலும் நடத்திப் பார்த்த பெரிய ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது. உண்ணியின் எண்ணிக்கையும் மனிதரின் நோயும் ஒன்றோடொன்று அவ்வளவு நேராகக் கட்டப்பட்டிருக்கவில்லை. மாட்டுக்கு மருந்து பூசுவது இதைவிடப் பயனுள்ளது. மாடு இந்த வைரஸைப் பெருக்குவதில்லை. ஆனால் முதிர்ந்த உண்ணிகளுக்கு உணவாகி அடுத்த தலைமுறையைப் பெருக்குகிறது. காட்டோரப் பட்டிகளில் கால்நடைத் துறை மழைக்கு முன்பே இதைச் செய்வது நல்லது. ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் பூசினால் மாட்டுண்ணிகள் அதற்குப் பழகிவிடுகின்றன. மருந்தை மாற்றி மாற்றித் தர வேண்டும். குரங்குகளைப் பிடித்து அகற்றுங்கள் என்ற கோரிக்கையை மட்டும் முற்றாக நிராகரிக்க வேண்டும். செம்முகக் குரங்கும் கருமுக மந்தியும் இந்த நோயில் நம்மைவிட விரைவாகச் சாகின்றன. அவற்றின் சாவுதான் நமக்குக் கிடைக்கும் முன்னெச்சரிக்கை. அவற்றை ஓரிடத்தில் பிடித்து வேறிடத்தில் விடுவது உண்ணிகளையும் வைரஸையும் வண்டியேற்றி அனுப்புவதாகவே முடியும்.

எஞ்சுவது உடலைக் காப்பது. இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அதுவும் தொழிலாளர்களிடமிருந்தே கிடைத்தது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பூங்கா, வனப் பணியாளர்களில் ஒரு பகுதியினருக்கு, நீண்டகாலம் நிலைக்குமாறு பெர்மெத்ரின் மருந்தேற்றிய சீருடையைக் கொடுத்தார்கள். முதல் ஆண்டில் அவர்களுக்கு உண்ணிக்கடி 82 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பயன் 34 விழுக்காடாகச் சரிந்தது. துணியை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்து தெரிகிறது. நிலத்துக்கு மருந்தடித்த ஆய்வுகளோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு வெளிப்படை. சீருடையை வாங்கித் தருவது வேலைக்கு வைப்பவரின் செயல் என்பதையும் கவனிக்க வேண்டும். நாட்கூலிக்காரர் தன் பணத்தில் செய்ய முடிந்த ஒன்று அல்ல அது. கர்நாடகத்தில் குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடம் உருவாக்கிய டெபா எண்ணெய் காட்டோர ஊர்களில் வழங்கப்படுகிறது. கைகால்களில் பூசினால் சில மணிநேரம் உண்ணியை விலக்கும். வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது முழுக்கால்சட்டையும் காலுறையும் பூட்சும் போட்டு யார் வேலை செய்வது என்ற எதிர்ப்பு உண்மையானது; லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நாள்முழுக்க அந்த உடையில் இருக்கச் சொன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். வேலையை விடியற்காலைக்கு மாற்றுவது, மெல்லிய பருத்தித் துணியில் மருந்தேற்றுவது, நடுப்பகலில் எண்ணெயை மறுபடி பூச நேரம் ஒதுக்குவது, உட்காரச் சருகு கூட்டிய வெற்றுத்தரையை ஏற்பாடு செய்வது ஆகியவை எல்லாம் வேலையை அமைப்பவரின் கையில்தான் இருக்கின்றன. தொழிலாளியின் ஒழுக்கத்தைக் குறைசொல்வதற்கு முன் வேலையின் ஒழுங்கைத் திருத்த வேண்டும்.

தடுப்பூசி இருந்தால் இவ்வளவு பேச வேண்டியதில்லை என்பார்கள். இருந்த தடுப்பூசி நம்மை ஏமாற்றியது. 1990 முதல் கர்நாடகத்தில் போடப்பட்ட ஊசி, 2005–10 காலத்தை ஆராய்ந்தபோது இரண்டு தவணையில் 62.4 விழுக்காடும் கூடுதல் தவணையோடு 82.9 விழுக்காடும் பாதுகாப்பு அளித்தது. வலி மிகுந்த அந்த ஊசியை ஆண்டுதோறும் மீண்டும் போட்டுக்கொள்ள மக்கள் முன்வரவில்லை. வீரியம் குறைந்ததால் 2022-இல் அது கைவிடப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனமும் புதிய ஊசிக்கு முயல்கின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய மூளைக்காய்ச்சலுக்கு எதிராக ஆஸ்திரியா 1980-களின் தொடக்கத்திலிருந்து மக்கள்தொகையில் பெரும்பகுதிக்குத் தடுப்பூசி போட்டு நோயைப் பெருமளவு குறைத்திருக்கிறது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு அது சான்று. 1957-இல் கண்டறிந்த நோய்க்கு இன்றுவரை நம்பகமான ஊசி இல்லாததற்கு, அது தாக்குகிறவர்கள் விறகு பொறுக்குவோராகவும் முந்திரி பொறுக்குவோராகவும் இருப்பது ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். புதிய ஊசி வந்தாலும், அதை முதலில் பெற வேண்டியவர் யார் என்ற பட்டியல் தொழிலை வைத்தே எழுதப்பட வேண்டும்.

மருத்துவமனைக்கும் இதே பார்வை தேவை. தமிழ்நாட்டில் பரவலாக உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ், சிற்றுண்ணியின் குஞ்சுகளால் புதர்க்காட்டிலும் வயலோரத்திலும் தொற்றுவது. இது பாக்டீரியா நோய். டாக்சிசைக்ளின் கொடுத்தால் குணமாகும். முற்றிய நிலையில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்ந்த சிகிச்சை மேலானது என்பதை வேலூர் சிஎம்சி தலைமையிலான ஆய்வு 2023-இல் நிறுவியது. குரங்குக் காய்ச்சலும் ஸ்க்ரப் டைஃபஸும் தொடக்க நாட்களில் டெங்குவைப் போலவே தோன்றும். பிரித்தறிய உதவும் முதல் கேள்வி, ‘பத்து நாளுக்குள் எங்கே வேலை செய்தீர்கள்?’ என்பதுதான். கூடலூரிலோ மசினகுடியிலோ ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டில் தொழிலுக்கும் பணியிடத்துக்கும் ஒரு கட்டம் இருந்தால், ஒருவருக்கு உரிய மருந்து உடனே கிடைக்கும். இன்னொருவரின் இரத்தமாதிரி உரிய ஆய்வகத்துக்குப் போகும். பயணிகளுக்கும் இது பொருந்தும். ஊர் திரும்பிச் சென்னையில் காய்ச்சலில் படுப்பவர் காட்டுக்குப் போனதைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. இப்படிச் சொல்லி அச்சத்தைக் கிளப்பினால் சுற்றுலா படுத்துவிடும் என்ற கவலை விடுதிக்காரர்களுக்கு இருக்கும். பாதையில் நடந்துவிட்டுத் திரும்பும் பயணிக்கு ஆபத்து சிறிது. அதை அப்படியே அளவோடு சொல்லலாம். அவர்களை வழிநடத்திப் போகும் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்கு ஆபத்து நாள்தோறும் கூடுகிறது. பயணச்சீட்டின் விலைக்குள் அவர்களுடைய சீருடையும் எண்ணெயும் அடங்க வேண்டும்.

உண்ணிக்கடியை வேலைக்காயமாக ஏற்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, முதல் பகுதியிலேயே, தொற்று அபாயம் மிகுந்த வேலையில் வரும் தொற்றுநோய்களைத் தொழில்நோயாகப் பட்டியலிட்டிருந்தது. விலங்குகளையும் விலங்குச் சடலங்களையும் கையாளும் வேலை அங்கே வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருந்தது; தனித்த தொற்று அபாயமுள்ள பிற வேலைகளும் சேர்க்கப்பட்டிருந்தன. அந்தப் பகுதியிலுள்ள நோய்களுக்கு இத்தனை மாதம் பணியில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கவில்லை. அதன் இடத்துக்கு வந்துள்ள 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தப் பட்டியல் தொடர்கிறது. குரங்கின் சடலத்தை எரிக்க அனுப்பப்படும் தினக்கூலிக்காரர், தீக்கோடு வெட்டுபவர், வேட்டைத் தடுப்புக் காவலர் ஆகியோர் இதற்குள் வருவார்கள் என்று வாதிட வலுவான இடமிருக்கிறது. வனத்துறையும் தோட்ட நிர்வாகங்களும் அதை முன்கூட்டியே ஏற்று ஆணை பிறப்பிக்கலாம். முதலாளி என்று ஒருவர் இல்லாமல் தானே சீமாறும் தேனும் சேகரிப்பவர் இந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அவரிடம் வனப்பொருளைக் கொள்முதல் செய்யும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள், நவம்பர் பிறக்குமுன் எண்ணெயும் மருந்தேற்றிய துணியும் கொடுத்து, காய்ச்சல் கண்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் செலவையும் கொள்முதல் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.